பூட்டிய வீட்டுக்குள் சொதி

என் மகளை அருவிக்குள் பிடித்து வைத்தவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். என் வீட்டுக்காரரின் அக்காவைக் கட்டியவர். முறை அப்படி. அவருக்கு நான் திருப்பிச் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். செய்ததற்கு எனக்கு வருத்தம் இல்லை.

எங்கள் வீடு இலஞ்சியில். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஆனியும் ஆடியும் வந்தால் அது நம் வீடு இல்லை. போன் வரும். "சாரல் விழுதா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொன்னால் அவர்கள் கிளம்பிவிட்டார்கள் என்று அர்த்தம். வரலாமா என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் இருப்பீர்களா என்றும் கேட்பதில்லை. சீசனில் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே எவள் எங்கே போவாள்? கடையநல்லூர் வந்ததும் இன்னொரு போன் வரும். அப்போது உலை வைக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு அருவிக்குப் போவார்கள். நம்மையும் வேனில் ஏறச் சொல்வார்கள். பைகளையும் செல்போன்களையும் குரங்கு தூக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. ஐந்தருவியை நான் வேன் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான் அதிகம்.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். வருஷத்தில் முக்கால்வாசி வடக்கேதான். மாமனார் மாமியார் இல்லை. நானும் இரண்டு பிள்ளைகளும்தான். அண்ணன் மனைவி, என் மதினி, பிறந்த வீடு என்பதால் மதுரையிலிருந்து அவர்கள் வரும்போது நான்தான் விருந்தாளி மாதிரி ஒதுங்கி நிற்பேன். எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று மதினி என்னிடமே சொல்லிக் கொடுப்பார்.

அந்த வருஷம் மகளுக்கு ஐந்து வயது. மகன் இடுப்பை விட்டு இறங்காத வயது. ஐந்தருவியில் நல்ல தண்ணீர். மதினி பெண்கள் பக்கம் போனார். நான் மகனையும் பைகளையும் வைத்துக்கொண்டு வேனில் இருந்தேன். மகளும் என்னோடுதான் இருந்தாள். அவளுக்கு அந்தச் சத்தமே பிடிக்கவில்லை. அண்ணன் வந்து, "குத்தாலத்துப் புள்ளைக்கு அருவின்னா பயமா? வா, மாமா தெளிய வைக்கேன்" என்று அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நான் வேண்டாம் என்று சொன்னேன். மகன் அழுதான், அவனைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது அவர் கூட்டத்துக்குள் போயிருந்தார்.

இங்கே இது ஒரு வழக்கம். பயப்படுகிற பிள்ளையைப் பிடித்துத் தண்ணீருக்குள் நிறுத்துவார்கள். கத்தக் கத்த நிறுத்துவார்கள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பயம் தெளிந்துவிடும் என்பார்கள். எனக்குத் தெரிந்து யாருக்கும் தெளிந்ததில்லை. கத்துவதை நிறுத்திவிடும், அவ்வளவுதான்.

அவள் திரும்பி வந்தபோது உதடு நீலமாக இருந்தது. குரல் இல்லை. ஒரு கால் கொலுசு இல்லை. இரண்டு மணிக்கட்டிலும் விரல் பதிந்திருந்தது. என் மடியில் ஏறி, சேலைக்குள் தலையை விட்டுக்கொண்டவள் வீடு வரும்வரை எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. அவருடைய மகள் கரையில் நின்று எடுத்தது. அண்ணன் என் பிள்ளையின் இரண்டு கையையும் மேலே தூக்கிப் பிடித்திருக்கிறார். தண்ணீர் அவள் உச்சந்தலையில் விழுகிறது. வாயைத் திறந்தால் தண்ணீர், மூடினால் மூச்சில்லை. நடுவில் ஒரு தடவை "அம்மா" என்று கேட்கிறது. அவர் சிரிக்கிறார். எடுக்கிறவளும் சிரிக்கிறாள். கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மை. என் வீட்டுக்காரர் கட்டைவிரல் போட்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற முடியவில்லை. எண்ணெய் வைத்தால் குளிக்க வேண்டும் என்று எண்ணெயே வேண்டாம் என்றாள். முகத்தை அண்ணாந்து பிடித்துக்கொண்டு, நெற்றியை என் உள்ளங்கையால் மறைத்து, சின்ன டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவேன். அதற்கே உடம்பு நடுங்கும். மழை ஓட்டில் பலமாக விழுந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள்.

அண்ணனுக்கு இது தெரியும். நான்தான் சொன்னேன். அவருக்கு அது வேடிக்கையாகப் போயிற்று. எப்போது போன் செய்தாலும் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்வார். "ஏட்டி, அருவிக்குப் போவமா? மாமா வரட்டா?" என்பார். அவள் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடுவாள். அந்தப் பக்கம் சிரிப்பார். ஒரு கல்யாண வீட்டில் அந்த வீடியோவை நாலு பேரைக் கூட்டி வைத்துக் காட்டினார். என் பிள்ளை பக்கத்தில்தான் நின்றாள். தன் சத்தத்தைத் தானே கேட்டுக்கொண்டு நின்றாள்.

நான் மதினியிடம் கேட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. அண்ணன் என் பிள்ளையிடம் ஒரு தடவை, நான் செய்தது தப்பு என்று சொல்லட்டும். அவள் காதில் விழட்டும். தன் மேல்தான் குறை, தான்தான் பயந்தாங்கொள்ளி என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். மதினி, "சின்னப் புள்ளைட்ட போய் பெரிய மனுசன் மாப்பு கேக்கணுமாக்கும்" என்றார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அத்தான் விளையாட்டுக்குச் செய்திருப்பார், விடு என்றார். நான் விடவில்லை. வாயை மட்டும் மூடிக்கொண்டேன்.

அடுத்த சீசன் வந்தது. அண்ணன் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா அம்மாவைக் குற்றாலம் கூட்டி வருகிறேன் என்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். போன் வந்தது. சாரல் விழுதா என்றார்.

"நல்லா விழுது அண்ணன். வாங்க" என்றேன்.

அவருக்குச் சந்தோஷம், சனிக்கிழமை வருகிறோம் என்றார். சம்பந்தி வீட்டுக்காரர்கள் திருநெல்வேலிச் சொதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்களாம், சாப்பிட்டதில்லையாம். சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு பொரியல், அப்பளம், பாயசம் என்று அடுக்கினார். சம்பந்திக்குச் சர்க்கரை இருப்பதால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், வந்ததும் இலை போட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் அருவி என்றார். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். வைக்கும் முன்னால், "எங்க அந்தப் பயந்தாங்கொள்ளி?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்றேன். பக்கத்தில்தான் இருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை விடிவதற்கு முன்னாலேயே எழுந்து தேங்காய் துருவினேன். சமைக்காமல் விட்டிருந்தால் சோம்பேறி என்று ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார். அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை. முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிழிந்து, பாசிப்பருப்பும் காய்களும் போட்டு, என் கல்யாணத்துக்கு மறுநாள் வைத்த சொதிகூட அவ்வளவு நன்றாக இல்லை என்கிற அளவுக்கு வைத்தேன். பாயசம் இறக்கினேன். இலைகளைத் துடைத்துக் கூடத்தில் அடுக்கினேன். கூடத்து ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்தேன். கம்பி இருக்கிறது, கை நுழையும், ஆள் நுழைய முடியாது. பிறகு பிள்ளைகளுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வீட்டைப் பூட்டினேன். சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்து, நான் போனில் சொன்னால் மட்டும் கொடுங்கள், மதினியே கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்றேன். அந்த அக்கா ஏன் என்று கேட்கவில்லை. அவர் வீட்டுக்கும் சீசனில் ஆட்கள் வருவார்கள்.

மகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போகிற ஆட்டோ அண்ணாச்சியை வரச் சொல்லியிருந்தேன். "விருந்தாளி வருதாவன்னு சொன்னிய. நீங்க எங்கன கெளம்பிட்டிய?" என்று கேட்டார். அணை பார்க்கப் போகிறோம் என்றேன். பிறந்ததிலிருந்து இந்த மலையடியில் இருக்கிற பிள்ளைகள், ஒரு அணைகூடப் பார்த்ததில்லை. சீசனில்தான் அணை நிறையும், சீசனில்தான் நான் அடுப்படியில் நிற்பேன். வேறு எப்போது பார்ப்பது?

செங்கோட்டை போகும் முன்பே மகன் வாந்தி எடுத்தான். துடைத்து, சட்டை மாற்றி, மறுபடி கிளம்பினோம். காற்று ஆட்டோவைத் தள்ளியது. தென்னைகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றன. முதலில் குண்டாறு. சின்ன அணை, சீக்கிரம் நிறைந்துவிடும். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் வழிந்து விழுந்துகொண்டிருந்தது. ஆட்டோ நின்றதும் மகள் அந்த இரைச்சலைக் கேட்டுவிட்டாள். இறங்க மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மகன் இறங்க வேண்டும் என்று அலறினான். ஒருத்திக்கு வேண்டாம், ஒருத்தனுக்கு வேண்டும். மலைக்குப் போகிற ஜீப்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள். அருவிக்கு அருவி, அருவிக்கு அருவி என்று அவர்கள் சொல்லச் சொல்ல அவள் காதைப் பொத்திக்கொண்டாள். ஒருவரைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் எல்லாரும் விலகிப் போனார்கள்.

அப்போதுதான் முதல் போன். வாசுதேவநல்லூர் தாண்டிவிட்டார்களாம். டீ குடித்தார்களாம். சம்பந்தியம்மா சொதியைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வருகிறாராம். "வாங்க அண்ணன், எல்லாம் ரெடி" என்றேன். பொய் இல்லை.

வேறு அணை போகலாம் என்று மகளிடம் சொன்னேன். அங்கே சத்தம் இருக்காது என்றேன். அவள் நம்பவில்லை. பண்பொழியில் ரம்புட்டான் வாங்கிக் கொடுத்தேன். மகன் முடியோடு கடித்துப் பார்த்துத் துப்பினான். அவள் உரித்து அவனுக்கு ஊட்டினாள். கை எல்லாம் பிசுபிசு என்று ஆகி, என் சேலையில் துடைத்தார்கள். கடையநல்லூர் போன் அங்கே வந்தது. உலை வை என்றார். வடித்தே வைத்துவிட்டேன் என்றேன். தங்கச்சின்னா தங்கச்சிதான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்வது கேட்டது.

மேக்கரையில் மலை மிகவும் பக்கத்தில் வந்துவிடுகிறது. அடவிநயினார் அணைக்குப் படி ஏற வேண்டும். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினேன். மகள் என் சேலை முந்தியைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தாள். அண்ணாச்சி சோற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேலே ஏறியதும் காற்று எங்களை மூன்று பேரையும் சேர்த்துத் தள்ளியது. ஒரு பக்கம் வடகரை வயல்கள், தென்னந்தோப்பு. இன்னொரு பக்கம் தண்ணீர். மலைக்குள் போய் மடங்கி, மேகத்துக்குள் முடிந்தது. அணை இன்னும் நிறையவில்லை. அதனால் சத்தம் இல்லை.

மகள் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள். "இந்தத் தண்ணி மேல விழாதுல்ல?" என்று கேட்டாள்.

"விழாது. நாமதான் மேல நிக்கோம்."

அது அவளுக்குப் பிடித்திருந்தது. தம்பியைக் கூப்பிட்டு, நாமதான் மேல நிக்கோம் என்று அவனுக்கும் சொன்னாள்.

போன் அடித்தது. "ஏம்மா, வீடு பூட்டிக் கெடக்கு?" என்றார் அண்ணன்.

"ஆமா. பூட்டிட்டுத்தான் வந்தேன்."

"கடைக்குப் போயிருக்கியா?"

"இல்ல. மேக்கரை அணையில இருக்கேன்."

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். சம்பந்தி வீட்டுக்காரர்கள் ரோட்டில் நிற்கிறார்கள் என்றார். சாரல் அடிக்கிறது என்றார். ஜன்னல் வழியாக இலை தெரிகிறது, சொதி வாசம் தெரு வரைக்கும் வருகிறது, என்ன விளையாட்டு இது என்றார். விளையாட்டுத்தான் என்றேன். நீங்கள் என் பிள்ளையோடு விளையாடினீர்கள், நான் உங்களோடு விளையாடுகிறேன். சாவி எதிர்வீட்டில் இருக்கிறது. நான் சொன்னால்தான் கொடுப்பார்கள். என் மகளிடம் நான் செய்தது தப்பு என்று சொல்லுங்கள், சாவி வரும்.

"அது நடந்து ஒரு வருசம் ஆச்சு" என்றார்.

"போன வாரம் பயந்தாங்கொள்ளின்னு கேட்டியளே, அதுவுமா ஒரு வருசம் ஆச்சு?"

மதினி போனைப் பிடுங்கினார். அவர் அப்பா கட்டின வீடு என்றார். நேற்று வந்தவள் என்றார். தம்பியிடம் சொல்லி என்னை என்ன செய்கிறேன் பார் என்றார். கடைசியில், "பூட்ட ஒடச்சிட்டு உள்ள போவேன், தெரிஞ்சிக்க" என்றார்.

"ஒடைங்க மதினி. சம்பந்தியம்மாவ நல்லா முன்னால நிறுத்தி வச்சிட்டு ஒடைங்க. பொறந்த வீட்டுல ஒங்களுக்கு என்ன மரியாதன்னு அவங்களும் பாக்கட்டும்."

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், என்னங்க ஆச்சு, தங்கச்சிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டது. மதினி ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்றார். எனக்கு அந்த இரண்டு "ஒன்றும் இல்லை"யும் பாயசம் மாதிரி இருந்தது. எத்தனை தடவை நான் அப்படிச் சொல்லியிருப்பேன்! என் பிள்ளை ஏன் அழுகிறாள் என்று யார் கேட்டாலும் சொல்லியிருக்கிறேன்.

மறுபடி அண்ணன் வந்தார். தெருவில் தள்ளி வந்து நிற்கிறார் போல, சத்தம் குறைந்திருந்தது. புள்ளைட்ட குடு என்றார். நான் ஸ்பீக்கரில் போட்டு மகளுக்கு முன்னால் பிடித்தேன். அவள் ஓடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. மாமா அங்கே எங்கேயும் இல்லையே. பத்து ஊருக்கு அப்பால், பூட்டின வாசலில் நிற்கிறார்.

"ஏட்டி, மாமா சும்மா வெளையாண்டேன்லா" என்றார்.

"அது இல்ல அண்ணன்" என்றேன்.

இருமினார். "மாமா செஞ்சது தப்பு."

மகள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்திருந்தால் இதைவிட மோசமாக ஏதாவது சொல்லியிருப்பேன்.

"நான் அழுதேன்லா. நீங்க ஏன் மாமா சிரிச்சீங்க?" என்றாள்.

வேன் ஹாரன் அடிப்பது கேட்டது. அவர் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைத்தால் சொதி உள்ளேயே கெட்டுப் போகட்டும் என்று இருந்தேன். மகள் காத்திருந்தாள். பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு அவ்வளவு நேரம் காத்திருந்து நான் அவளைப் பார்த்ததில்லை.

"தெரியலம்மா" என்றார் கடைசியில்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் தம்பி பக்கம் போய்விட்டாள்.

எனக்கு ஆறவில்லை. ஒரு சரியில் முடித்துவிட்டாளே என்று அவள் மேலேயே கோபம் வந்தது. அவரை இன்னும் ஒரு மணி நேரம் நனைய விட வேண்டும், சம்பந்திக்குச் சர்க்கரை இறங்க வேண்டும், மதினி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் என்றெல்லாம் எனக்கு இருந்தது. ஆனால் நான் கேட்டதை அவர் கொடுத்துவிட்டார். எதிர்வீட்டு அக்காவுக்குப் போன் செய்து சாவியைக் கொடுக்கச் சொன்னேன். அவர், "இம்புட்டு சீக்கிரமாவா?" என்றார்.

அணையின் மேல் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். காற்றில் இலை பறந்து, மகன் சோற்றைத் தரையிலிருந்து பொறுக்கித் தின்றான். ஆட்டோ அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என் மகளுக்கு இன்னொரு கை சோறு வைத்தார், அவ்வளவுதான். பிள்ளைகள் சாயங்காலம் வரை அங்கேயே ஓடினார்கள். நான் யாருடைய பையையும் காவல் காக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர்கள் போயிருந்தார்கள். சாப்பிட்ட இலைகள் எடுக்காமல் கிடந்தன. சொதியில் ஒரு கரண்டிகூட மிச்சம் இல்லை. வீட்டுக்காரர் அன்றைக்குப் போனில் கத்தினார். அத்தானைத் தெருவில் நிறுத்தினாயே என்றார். உங்கள் மகளை எங்கே நிறுத்தினார் என்று அந்த வீடியோவில் இன்னொரு தடவை பாருங்கள், இந்தத் தடவை சத்தம் வைத்துப் பாருங்கள் என்றேன். அவர் முதலில் சத்தம் இல்லாமல் பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு இரண்டு நாள் அவரிடமிருந்து போன் இல்லை. மூன்றாம் நாள் குரூப்பில் அண்ணன் மகள், அந்த வீடியோவை எல்லாரும் அழித்துவிடுங்கள் என்று போட்டிருந்தாள். யார் போடச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

மகளுக்கு இன்னும் டம்ளரில்தான் ஊற்றுகிறேன். ஒரு வார்த்தையில் பயம் போய்விடும் என்று நான் நினைக்கவும் இல்லை. ஆனால் அவள் பயந்தாங்கொள்ளி என்று தன்னைச் சொல்லிக்கொள்வது நின்றுவிட்டது. எனக்குத் தண்ணீர் பிடிக்காது என்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒருவன் கேலி செய்தபோது நீ ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டாளாம். டீச்சர் சொன்னார்.

அந்தக் கல்யாணத்துக்குப் போனேன். போகாமல் இருப்பேன் என்று நினைத்திருப்பார்கள். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனேன். மண்டப வாசலில் அண்ணன் சந்தனக் கும்பாவோடு நின்று எல்லாரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னையும் வாம்மா என்றார், மூஞ்சியைப் பார்க்காமல். மகள் எனக்கு முன்னால் நடந்தாள். வழக்கமாகப் பிள்ளைகளின் கன்னத்தைப் பிடித்து இழுப்பார், கையைப் பிடித்துத் தூக்கிச் சுற்றுவார். அன்றைக்கும் கை அவளை நோக்கி வந்தது. அவள் நின்று, அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கை பாதியில் நின்று, திரும்பிப் போய், சட்டைப் பையைத் தடவியது.

பின்னால் வந்தவர்கள் உள்ளே போங்க என்றார்கள். நான் நகரவில்லை. அந்தக் கையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.